அத்தையின் ஒன்பது கேசட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு ஏழாம் நம்பர் கேசட்டின் பி பக்கம் கடைசி வரை ஓடி, டக்கென்று நின்றது. அதோடு ஒன்பதில் எட்டு கணினிக்குள் வந்துவிட்டன. மிச்சம் ஒன்று வரவில்லை, வராது என்றே நினைக்கிறேன். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள், பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், நான் செய்த இரண்டு மூன்று முட்டாள்தனங்கள். மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

கேசட்டுகள் என் அத்தையுடையவை. அப்பாவுக்கு அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், முப்பத்தைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவர். 1955-இல் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய ராஜாஜி மருத்துவமனையில், பயிற்சிக்குச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. வயசுப் பிள்ளை கண்டவன் உடம்பைத் தொட்டுத் துடைக்கப் போவதா என்று தாத்தா இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். 1964 புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்தில் ஒரு மாதம், 1971-இல் வங்காளத்து அகதி முகாமில் மூன்று மாதம், 1979-இல் குவைத். 1990 ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அத்தை நைட் டூட்டியில் இருந்தார். போன வருஷம் எண்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்கும்போது என் மகள் கேட்டாள், "அத்தைப்பாட்டி குரல் யார்கிட்டயாவது இருக்கா?" செல்போன்களில் தேடினால் பிறந்தநாள் வீடியோ ஒன்றில் "கேக்கு போதும்" என்கிற இரண்டு வார்த்தைதான் இருந்தது.

பரணில் அவருடைய ஸ்டீல் பெட்டி இருந்தது. கண்ணாடி சிரிஞ்சுகளையும் கத்தரிகளையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்களே, அந்தப் பெட்டி. அதற்குள் ஒன்பது கேசட். மூன்று, குவைத்திலிருந்து அவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை. அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் கொடுத்தனுப்புவது வழக்கம். ஒன்று, 1990-இல் ஊர் திரும்பியதும் பேசியது. மற்ற ஐந்தும் 1998 மே மாத லீவில் நானே அவர் அறையில் உட்கார்ந்து பதிவு செய்தவை. செய்த பிறகு ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் லேபிளுக்குப் பதில் மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பால்பாயிண்ட் பேனாவால் தேதி போட்டிருந்தார். அழியாமல் இருக்க பின்பக்கக் காதை உடைப்போம் இல்லையா, உடைத்த ஓட்டையின் மேல் மறுபடி பிளாஸ்திரி ஒட்டி அதிலேயே திரும்பவும் பேசியிருந்த கேசட்டும் உண்டு. அந்தப் பிளாஸ்திரியின் பசை இருபத்தைந்து வருஷத்தில் உருகி வழிந்து, கேசட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்திருந்தது.

முதல் முட்டாள்தனம், கணினிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கடையில் கொடுத்தது. ஒரு கேசட்டுக்கு 350 ரூபாய் என்றார்கள். நல்லவேளையாக ஒன்று மட்டும் கொடுத்துப் பார்த்தேன். 1998-இன் இரண்டாம் கேசட், ராமேஸ்வரம் கதை உள்ளது. இருபது வருஷத்துக்கு மேல் அசையாமல் கிடந்த டேப்பை முதலில் கையால் முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் நேராக மெஷினில் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். டேப் உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்துவிட்டது. கசங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சாதாரண செலோ டேப்பால் ஒட்டிக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்ததுதான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். பிற்பாடு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரிந்தது. அளந்து பார்த்தேன், நான்கு செ.மீ. கேசட் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஆக 0.84 நொடி போய்விட்டது.

சரி, நாமே செய்வோம் என்று அத்தையின் டூ-இன்-ஒன்னை இறக்கினேன். குவைத்திலிருந்து அவர் கொண்டு வந்தது. 1998-இல் பதிவு செய்ததும் அதில்தான். ரேடியோ பாடியது, கேசட் பக்கம் மோட்டார் மட்டும் ஓடியது. பின்மூடியைக் கழற்றினால் பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு. பழைய ரப்பர் பெல்ட் வயதானால் இப்படித்தான் இளகிவிடும். கையில் பட்டால் மூன்று நாளைக்குப் போகாது. வேஷ்டியில் பட்டால் போகவே போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து இரண்டு புல்லியையும் துடைத்து எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, குச்சிகள் நாற்பது.

புது பெல்ட்டுக்கு அளவெடுக்க, புல்லிகளைச் சுற்றித் தையல் நூலைப் போட்டு நீளம் பார்த்து, அதில் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். நான் இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று பத்து சதவீதம் குறைத்தேன். பெல்ட் மோட்டாரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, பாட்டு கேசட் போட்டால் ராகம் கப்பலில் போவது மாதிரி ஆடியது. சென்னையில் இருக்கும் நண்பன் ரிச்சி தெருவில் சரியான அளவில் இன்னொன்று வாங்கி அனுப்பினான். சதுர வெட்டு, கனம் 1.2 மி.மீ. ஆட்டம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. போதாக்குறைக்கு அந்தப் பெட்டியில் லைன் அவுட், அதாவது ஒலியை நேராக வெளியே எடுக்கும் இணைப்பு, கிடையாது. ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுத்தால் கூடவே ஒரு 'ங்ங்ங்' வந்தது. மூன்று ஞாயிறு போன பிறகு தோல்வியை ஒத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய கேசட் டெக் ஒன்றை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். பார்சலுக்கு 450. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

டெக் வந்ததும் அத்தையின் கேசட்டைத் தொடவில்லை. 3000 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த சோதனை கேசட் ஒன்றை 900 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். வீட்டில் திட்டு விழுந்தது. ஒரே ஒரு சத்தம் உள்ள கேசட்டுக்கு யாராவது தொள்ளாயிரம் கொடுப்பார்களா என்று. ஓட்டிப் பார்த்ததில் 3012 வந்தது. அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. டெக் யோக்கியமானது என்று தெரிந்துவிட்டது. பின்னால் வேகத் தகராறு வந்தபோது, தப்பு டெக்கில் இல்லை என்று இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் நிம்மதியாகச் சொல்ல முடிந்தது. தொள்ளாயிரம் தண்டமில்லை.

அடுத்து பூஞ்சை. மூன்று கேசட்டில் சுருளின் ஓரம் முழுக்க மாவு தூவியது மாதிரி வெள்ளை. மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்துத்தான் திறந்தேன். முதலில் பெட்டியோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நூறு கிராம் போட்டு மூடி பத்து நாள் வைத்தேன். காய்ந்த பூஞ்சைதான் உதிரும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழுத்துப் பூசிக்கொள்ளும். ஐந்து திருகு உள்ள கேசட்டுகளில் வேலை சுலபம். குவைத் கேசட் இரண்டில் திருகே கிடையாது, மேலோட்டின் இரண்டு பாதியையும் பசையால் ஒட்டியே மூடியிருந்தார்கள். மடிப்பில் பிளேடை வைத்து மெல்ல நெம்பிப் பிளந்து, சுருளை மட்டும் எடுத்துப் புதுக் கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றினேன். அதற்காகவே ஐந்து வெற்றுக் கேசட் வாங்கினேன், ஒன்று 80 ரூபாய். மாற்றும்போது டேப்பின் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் பஞ்சுத் திண்டைக் கவனிக்க வேண்டும். அதுதான் டேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும். ஒரு கேசட்டில் அது விழுந்து உள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. அது தெரியாமல் ஓட்டி, அத்தை போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்டதும், டேப்பே அழிந்துவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன். திண்டு ஒட்டியதும் போர்வையை விலக்கிவிட்டார்.

பென்சிலைச் சக்கரத்தில் செருகி, ஓரத்தில் மென்துணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கேசட்டையும் கையாலேயே ஒரு தடவை முழுக்கச் சுற்றினேன். சி-60, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது நிமிஷக் கேசட், என்றால் கிட்டத்தட்ட 86 மீட்டர் டேப். கை வலி போக ஒரு வாரம் ஆனது.

ஒரு விஷயம் கேசட் வேலையில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹெட்டின் சாய்வு. அத்தையின் டூ-இன்-ஒன்னில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதே சாய்வில்தான் 1998 பதிவும் விழுந்திருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் ஹெட் உள்ள டெக்கில் போட்டால் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஓட விட்டுக்கொண்டே, காதில் ஹெட்போன் வைத்து, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி, காந்தம் இல்லாத ஸ்குரூ டிரைவரால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருக வேண்டும். ஒரு இடத்தில் 'சிஸ்டர்' என்கிற சொல்லின் 'ஸ்' திடீரென்று ஊசி மாதிரி கூர்மையாகும். அதுதான் இடம். அத்தைக்கும் எனக்கும் நடுவில் இருந்த கண்ணாடியை யாரோ துடைத்த மாதிரி இருந்தது. திருகு பழைய நிலையில் எங்கே இருந்தது என்று முதலில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை. சோதனை கேசட்டை வைத்து மறுபடி நிமிர்த்த ஒரு சாயங்காலம் போனது.

டெக்கிலிருந்து 2,600 ரூபாய் யுஎஸ்பி ஆடியோ பெட்டி வழியாக ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றினேன். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி பக்கம் வருகிறது. பேச்சுதானே, எதற்கு இவ்வளவு என்று மோனோவாக எடுத்திருந்தால் பாதிதான். ஆனால் பூஞ்சை தின்ற இடங்களில் ஒரு சேனல் விழுந்தாலும் மற்றது பிழைத்திருந்தது. ஸ்டீரியோவாக எடுத்ததால்தான் அதை வைத்து ஒப்பேற்ற முடிந்தது.

இனி அந்த வேகத் தகராறு. 1998 கேசட்டில் அத்தை குரல் கொஞ்சம் கீச்சென்று, அவசரமாக இருந்தது. அவர் அவசரப்பட்டுப் பேசுகிறவரே இல்லை. பெல்ட் தளர்ந்த டூ-இன்-ஒன் அன்றைக்கு மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் வேகமாகத்தான் கேட்கும். எவ்வளவு குறைப்பது? எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. கரண்ட்டில் போட்டுப் பதிவு செய்ததால் டேப்பில் மின்சார இரைச்சல் விழுந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் 50-இல் வந்து நிற்கும்படி வேகத்தைச் சரி செய்தால் தீர்ந்தது.

பதிவின் நகல் ஒன்றை 8,000 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வரைபடம் போட்டேன். அப்படி இறக்கினால்தான் கீழ் சத்தங்களில் ஒரு ஹெர்ட்ஸில் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியம் கிடைக்கும். இரண்டு முகடு தெரிந்தன, 50.0-இல் ஒன்று, 51.5-இல் ஒன்று. டேப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தால் 50.0 மட்டும் இருந்தது. அது இன்றைய கரண்ட், டெக்கின் இரைச்சல். அப்போது 51.5 தான் 1998-இன் கரண்ட். மூன்று சதவீதம் குறைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு எண்பத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அக்கா மாதிரிதான் இருக்கு. ஆனா அக்கா இல்ல" என்றார்.

எனக்குக் கோபம். கணக்கு சரி, காது தப்பு என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ராத்திரி, அத்தை பேச்சை நிறுத்தி யோசிக்கிற ஒரு இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அலையில் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன முள் நின்றது. டிக், டிக், டிக். அவர் அறைச் சுவரில் இருந்த குவார்ட்ஸ் கடிகாரம்! பேட்டரி கடிகாரம் கரண்ட்டைப் பற்றிக் கவலைப்படாது. நொடிக்கு ஒரு டிக். அறுபது டிக்கை எண்ணினேன். நான் திருத்திய பதிவில் அது 58.8 நொடியில் முடிந்தது. இன்னும் இரண்டு சதவீதம் வேகம். ஆரம்பத்திலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 4.85 சதவீதம் குறைத்திருக்க வேண்டும். குறைத்துவிட்டு இரைச்சலைப் பார்த்தால் அது 49.0-இல் வந்து நிற்கிறது.

காரணம் எளியது. அந்தக் காலத்தில் தென்னிந்திய மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் நிற்கவே நிற்காது. தேவைக்குத் தகுந்த உற்பத்தி இல்லாமல் அதிர்வெண் சரிந்துகொண்டே இருக்கும். 2003 ஜனவரியில், அதிர்வெண் சரியும்போது கூடுதலாக இழுப்பவர் அதிக விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டண முறை தெற்கு மண்டலத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை தேறியது. நான் 'கரண்ட் என்றால் 50' என்று பாடப்புத்தகத்தை நம்பினேன். சுவர்க் கடிகாரத்தை நம்பியிருக்க வேண்டும். மறுபடி அப்பாவுக்குப் போட்டேன். அரை நிமிஷம் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பின்வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அந்த டிக் சத்தத்தைத்தான் அதற்கு முந்தின வாரம் இரைச்சல் நீக்கி போட்டு நான் முழுக்க அழித்திருந்தேன். இரண்டாவது முட்டாள்தனம் அது. சுத்தமாக இருந்தது, ஆனால் அத்தை தண்ணீருக்கடியில் பேசினார். கடிகாரம் போச்சு, அவர் மூச்சு போச்சு, வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கிற சத்தம் போச்சு. மூலப் பதிவைத் தனியாக வைத்திருந்ததால் தப்பித்தேன். இப்போது கொடுக்கிற நகல்களில் 50-க்குக் கீழே இருக்கும் உறுமலை மட்டும்தான் வெட்டுகிறேன்.

கேட்டு எழுதுகிற வேலை, பழுது பார்த்ததைவிட நேரம் தின்றது. பத்து நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம். அத்தையின் ஞாபகத்துக்கு ஒரு சுபாவம் இருந்தது தெரிந்தது. ஆட்கள் பெயரும் வருஷமும் தப்பும். எடை, அளவு, நேரம் தப்பாது. வங்காளக் கதையில் காலரா வரும். 1971-இல் எல்லை தாண்டி வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு கோடி. மேற்கு வங்க எல்லை ஊரான பங்கானில் டாக்டர் திலீப் மகலனபிஸ், சலைன் பாட்டில் தீர்ந்துபோனதும் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரை வாயால் குடிக்க வைத்துப் பிழைக்க வைத்தார். முகாமில் முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அத்தை இருந்தது வேறொரு முகாம், ஆனால் அந்தச் செய்முறை அங்கேயும் வந்திருக்கிறது. அவர் சொல்கிறார்: "லிட்டருக்கு இருபத்திரெண்டு குளுக்கோசு, சோடா உப்பு ரெண்டரை, சாதா உப்பு..." அந்த இடத்தில் பூஞ்சை. மூணரையா நாலரையா என்று தெரியவில்லை. இடது சேனலில் '...ணரை', வலதில் ஒன்றுமே இல்லை. மகலனபிஸ் குழு வெளியிட்ட அளவைத் தேடிப் பார்த்தேன். குளுக்கோஸ் 22 கிராம், சாதாரண உப்பு 3.5, சோடியம் பைகார்பனேட் 2.5. இருபத்தேழு வருஷம் கழித்து, வெற்றிலை மடித்துக்கொண்டே, காகிதம் எதுவும் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். ணகரமும் சரி, மூன்றரையும் சரி.

புயல் கேசட்டில் "அறுவத்தஞ்சு" என்கிறார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து போன 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் அப்படியே போனது அந்த இரவில்தான். அத்தை தப்பாகச் சொல்கிறார் என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். அப்புறம் கேட்டால், அவர் போனது புயலடித்து ஒரு வாரம் கழித்து, இருந்தது ஜனவரி முழுக்க. அவருக்கு அது அறுபத்தைந்துதான். என் குறிப்பை அடித்துவிட்டேன். பாம்பன் பாலத்தைப் பற்றி, "எல்லாம் போயி நடுவுல தூக்குப் பாலம் மட்டும் மொட்டையா நிக்குது, மண்டபத்துல இருந்து போட்டுலதான் போனோம்" என்கிறார். ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் குழு அந்தப் பாலத்தை 46 நாளில் சரி செய்தது அதற்குப் பிந்திய கதை. அத்தை போகும்போதும் போட், திரும்பும்போதும் போட்.

அந்தக் கேசட்டில்தான் அறுந்த இடம். பேச்சு இப்படிப் போகிறது: "போட்டுல இருந்து எறங்குனதும் டாக்டரு எங்கையில மொதல்ல குடுத்தது..." அடுத்தது, "மருந்து இல்ல ராசா." நடுவில் 0.84 நொடி.

கடைக்காரரின் செலோ டேப்பைப் பிரிப்பதே பெரிய வேலையாக இருந்தது. பசை பிதுங்கி அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேசட்டுக்கென்றே ஸ்ப்ளைசிங் டேப் உண்டு. 45 பாகை சாய்வாக வெட்டும் சின்னக் கட்டையோடு சேர்த்து 750 ரூபாய். இரண்டு நுனியையும் சாய்வாக வெட்டி, இடைவெளி இல்லாமல் முட்ட வைத்து, ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்ட வேண்டும். முதலில் கசங்கிய துண்டை விட்டுவிட்டுத்தான் ஒட்டினேன். இரண்டு மாசம் அப்படியே இருந்தது. எட்டாம் நம்பர் கேசட்டெல்லாம் முடிந்த பிறகு அந்த பிளாஸ்டிக் கவர் மேசை டிராயரில் கண்ணில் பட்டது.

துண்டு விசிறி மடிப்பாக மடிந்திருந்தது. இஸ்திரிப் பெட்டி ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். சூடு பட்டால் சுருங்கும். இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து, மேலே தடித்த அகராதி ஒன்றை ஏற்றி பன்னிரண்டு நாள் விட்டேன். மடிப்புக் கோடுகள் போகவில்லை, ஆனால் படுத்தது. எந்த நுனி முதலில் என்று தெரியாது. திருப்பிப் போட்டால் மறுபக்கத்துப் பேச்சுதான் வரும். கடைக்காரர் கத்தரித்த சாய்வையும் டேப்பில் மிச்சமிருந்த நுனியையும் பூதக்கண்ணாடியில் பொருத்திப் பார்த்துத்தான் ஒட்டினேன். மூலத்தில் ஒட்டவில்லை. வெற்றுக் கேசட் ஒன்றில் நடுவில் சேர்த்து, அந்த ஒரு நொடிக்காக டெக்கை ஓட்டினேன்.

கரகர, ஒரு 'மம்', வெட்டு, கரகர, 'ட்டி'. அவ்வளவுதான். இருபது தடவை கேட்டேன். மகள் 'முட்டி' என்றாள். நான் 'மண்சட்டி'யாக இருக்கும், கஞ்சி ஊற்ற, என்றேன். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார், "மம்பட்டிடா."

மண்வெட்டி. நர்ஸ் கையில் முதலில் கொடுத்தது மண்வெட்டி. அதற்கப்புறம் அவர் கேசட்டில் சொல்கிற எல்லாம், நிறுத்தி நிறுத்திப் பேசுவது, அந்த இடத்தில் மட்டும் கடிகாரம் பதினொரு டிக் அடிக்கும்வரை ஒன்றும் பேசாமல் இருப்பது, எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவை எழுதியதைக் கிழித்துவிட்டு அந்தக் கேசட்டை முதலிலிருந்து மறுபடி எழுதினேன்.

வராமல் போனது ஒன்பதாம் நம்பர். பிளாஸ்திரியில் "90 அக்" என்று எழுதியிருக்கிறது. குவைத்திலிருந்து பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லையில் பாலைவன முகாம், அம்மானிலிருந்து ஏர் இந்தியா. அந்த வருஷம் அப்படி வந்த ஏறத்தாழ 1,70,000 பேரில் ஒருத்தி. வந்து இறங்கிய சூட்டோடு பேசியிருக்கிறார் போல. ஆனால் அது சி-120. சி-60 டேப்பின் கனத்தில் பாதிதான் இருக்கும், ஒன்பது மைக்ரான். பிளாஸ்திரிப் பசை உள்ளே இறங்கி நடுச்சுருளைக் கட்டியாக்கிவிட்டது. மேலே இருந்த சுற்றுகளில் நாலு நிமிஷம் கிடைத்தது. அதில் முகாமில் தண்ணீர் வரிசையைப் பற்றிப் பேசுகிறார். அதற்கு மேல் இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. நிறுத்திவிட்டேன். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். 1998-இல் இதே கதையை அவர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்: "வந்தோம். எல்லாரும் வந்தோம். அதுல என்ன இருக்கு?"

மொத்தச் செலவு, கடைக்குக் கொடுத்த 350-ஐயும் ஆல்கஹால், பெல்ட், மாஸ்க் சில்லறைகளையும் சேர்த்து ரூ.10,180. இதில் டெக்கை விற்றால் மூவாயிரமாவது திரும்பும். விற்க மாட்டேன். அடுத்த முறை என்றால், டூ-இன்-ஒன்னோடு மல்லுக்கட்டாமல் நேராக டெக், முதல் கேசட்டுக்கு முன் சோதனை கேசட், ஒட்டி மூடிய ஓடுகளைப் பிளக்க பிளேடுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் ஆப்பு (கட்டைவிரலில் தையல் இரண்டு). திருத்தம் எதுவும் செய்வதற்கு முன்னாலேயே அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். அவருக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீல் பெட்டியைக் கழுவிக் காய வைத்துவிட்டேன். மூடியின் உள்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து தெரிகிறது: "20 நிமிஷம் கொதி". கேசட்டுகளை அதில் திரும்ப வைக்கவில்லை. பிளாஸ்திரிகளை மட்டும் ஒவ்வொன்றாக உரித்து, மெழுகுத் தாளில் ஒட்டி, தேதி வரிசையில் அதற்குள் போட்டிருக்கிறேன்.